பைப்பரிலிருந்து எக்கோஸ் வரை: பிங்க் ஃப்ளாய்டின் ஆரம்ப இசைத்தட்டுகளை மீண்டும் கேட்டபோது

எண்பதுகளின் கடைசியில் எங்கள் கல்லூரி விடுதியில் பிங்க் ஃப்ளாய்ட் என்றால் இரண்டே இரண்டு இசைத்தட்டுகள்தான். ஒன்று 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. மற்றது 1979இல் வந்த 'தி வால்'. இரண்டையும் ஆரம்பம் முதல் கடைசி வரை, கிதார் வாசிப்பையும் வாயாலேயே வாசித்துக் காட்டக்கூடியவர்கள் எங்கள் மாடியில் மட்டும் நாலைந்து பேர் இருந்தார்கள். நானும் ஒருவன்.

என் அறைத்தோழன் மட்டும் வேறொரு தொண்ணூறு நிமிட ஒலிநாடா வைத்திருந்தான். ஒரு பக்கத்தில் அந்தக் குழுவின் முதல் தொகுப்பு, 1967ஆம் வருடத்தது. மறுபக்கத்தில் இரண்டாவது தொகுப்பு, 1968. உறை கிடையாது. பாட்டுகளின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். பூனையைப் பற்றி ஒரு பாட்டு, குள்ளமனிதனைப் பற்றி ஒரு பாட்டு, சைக்கிளைப் பற்றி ஒரு பாட்டு. 'இதென்னடா நர்சரிப் பாட்டு' என்று கேலி செய்வோம். அவன் பதில் சொல்லாமல் நாடாவைத் திருப்பிப் போடுவான்.

மூன்றாம் வருட நடுவில் அவனுக்கு மனநலம் குன்றியது. அவனுடைய அப்பா வந்து ஊருக்கு அழைத்துக்கொண்டு போனார். அவன் திரும்பி வரவில்லை. அவன் போன சில மாதங்களுக்குள் அவனுக்கு நாங்கள் ஒரு பெயர் வைத்துவிட்டோம். 'சிட்'. முதல் வருட மாணவர்களுக்கு அவன் கதையைச் சொல்லும்போது அந்தப் பெயரைத்தான் சொல்வோம். கொஞ்சம் கூட்டியும் சொல்வோம். கதை நன்றாக இருந்தது.

யார் அந்த சிட் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ராக் இசையின் மிகப் புகழ்பெற்ற சோகக்கதைகளில் ஒன்று அவருடையது. கேம்பிரிட்ஜில் 1946இல் பிறந்த ரோஜர் கீத் பாரெட், சிட் பாரெட் என்ற பெயரில் அறியப்பட்டவர். லண்டனுக்கு ஓவியம் படிக்க வந்தார். அங்கே கட்டடக்கலை மாணவர்களாக அறிமுகமாகியிருந்த ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரோடும் சேர்ந்தார். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் பாடகர்களின் பெயர்களை ஒட்டவைத்துக் குழுவுக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். முதல் தொகுப்பின் பதினொரு உருப்படிகளில் எட்டு அவர் தனியாக எழுதியவை. அந்தத் தொகுப்பு 1967 ஆகஸ்டில் வெளிவந்தது. அந்த வருடம் முடிவதற்குள் அவர் மேடையில் வாசிக்காமல் வெறித்து நிற்க ஆரம்பித்துவிட்டார். எல்எஸ்டி பழக்கத்தைக் காரணமாகச் சொன்னவர்கள் உண்டு, அது ஏற்கெனவே இருந்த ஒன்றைக் கிளறிவிட்டது என்றவர்களும் உண்டு. 1968 ஜனவரியில் ஒரு நாள் கச்சேரிக்குப் புறப்பட்ட மற்றவர்கள், அவரை அழைத்துக்கொள்ளாமலேயே போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

மாத்திரைகளை நசுக்கித் தலையில் பூசிக்கொண்டு விளக்கொளியில் நின்றார் என்று ஒரு கதை உண்டு. அது நடந்ததா இல்லையா என்பதில் அன்று உடனிருந்தவர்களே ஒத்துப்போவதில்லை. ஆனால் சிட் பாரெட் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அவர் எழுதிய பாட்டு ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் யோசிப்பார்கள்.

1971 அக்டோபரில் இந்தக் குழு இத்தாலியின் பாம்பெய் இடிபாடுகளில், பார்வையாளர்களே இல்லாத பழைய ரோமானிய அரங்கில், வாசித்ததை ஏட்ரியன் மேபன் படமாக எடுத்தார். புதுப்பிக்கப்பட்ட பிரதி 2025இல் திரையரங்குகளுக்கு வந்தபோது இங்கே லண்டனில் போய்ப் பார்த்தேன். வெயிலில் ஓர் இளைஞர் பெரிய வெண்கலத் தட்டை அடித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் தெய்வமாக நினைத்திருந்த வாட்டர்ஸ். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. என் மகனைவிடச் சின்னவர். வீட்டுக்கு வந்ததும், டார்க் சைடுக்கு முந்தைய தொகுப்புகளை வரிசையாக, இரவுக்கு ஒன்றாக, கேட்பது என்று முடிவு செய்தேன்.

முதல் தொகுப்பின் பெயர் 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்'. கென்னத் கிரஹாம் 1908இல் எழுதிய 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' என்ற குழந்தைகள் நாவலின் ஏழாவது அத்தியாயத்தின் தலைப்பு அது. இலக்கிய வாசகர்கள் இந்தத் தொகுப்பைத் தைரியமாகக் கையில் எடுக்கலாம், ஏனென்றால் இது ஒரு படிப்பாளியின் வேலை. 'சாப்டர் 24' என்ற பாட்டு சீனத்து ஐ சிங் நூலின் இருபத்து நான்காம் குறியிலிருந்து வருவது. 'மட்டில்டா மதர்' பாட்டை முதலில் ஹிலேர் பெல்லாக்கின் வேடிக்கைச் செய்யுள்களை வைத்துத்தான் அமைத்திருந்தார். உரிமை வைத்திருந்தவர்கள் அனுமதி தராததால் சொற்களை மாற்றித் தானே எழுதினார். பின்னால் தனித்தொகுப்பு போட்டபோது ஜேம்ஸ் ஜாய்ஸின் கவிதை ஒன்றுக்கு இசையமைத்தார். போதையில் மிதந்தவரின் உளறல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, குழந்தைப் புத்தகங்களை ஊன்றிப் படித்த ஒருவரின் கைவேலை.

கைவேலை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 'பைக்' பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். சாதாரண ராக் பாட்டில் தாளம் ஒரு சட்டம், சொற்கள் அதற்குள் அடங்க வேண்டும். இங்கே தலைகீழ். ஓர் அடியில் இரண்டு சீர் கூடினால் தாளத்தையும் கூட்டிவிடுகிறார், குறைந்தால் குறைத்துவிடுகிறார். பேசுகிற குழந்தை மூச்சு வாங்குகிற இடத்தில் பாட்டும் மூச்சு வாங்குகிறது. மேளக்காரர் மேசன் அத்தனை வளைவிலும் கூடவே போகிறார். தாறுமாறாக வந்த பாட்டு இல்லை இது. தாறுமாறாக வந்திருந்தால் நாலு பேர் சேர்ந்து இப்படி ஒன்றாகத் திரும்ப முடியாது.

அதே தொகுப்பில் 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' என்று பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் உருப்படி. குரல் கிடையாது. இறங்கிவரும் ஒரு கிதார் வரி, பிறகு அந்த வரியை மறந்துவிட்டுக் கண்டபடி அலைதல், கடைசியில் அதே வரிக்கு வந்து சேர்தல். விடுதியில் இதை 'இரைச்சல்' என்று ஒதுக்கினோம். பல்லவியை எடுத்து, அலைந்து, மறுபடி பல்லவியில் வந்து விழுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்கு ஏன் அது அன்று பிடிபடவில்லை என்பதுதான் ஆச்சரியம். (இரண்டும் ஒன்று என்று சொல்லவரவில்லை. நம் பாடகருக்கு ராகமும் தாளமும் காவல் நிற்கின்றன. இவர்களுக்கு எதுவும் இல்லை, பல சமயம் அது நன்றாகவே தெரிகிறது.) பாரெட் கிதார் கம்பிகளின் மேல் சிகரெட் லைட்டரை வழுக்கவிட்டு, பின்சன் என்ற இத்தாலிய எதிரொலிக் கருவியின் வழியாக அந்த ஒலியைச் செலுத்தினார். பின்சனுக்குள் காந்த உருளை ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். வாசித்த ஒலி அதில் பதிந்து, சில கணங்கள் கழித்துத் திரும்ப வரும். தான் வாசித்ததற்குத் தானே பதில் வாசிக்கலாம். இந்தக் கருவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதை வைத்திருந்தவர் போன பிறகும் அது குழுவில் இருந்தது.

பதிவு நடந்தது அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில். அதே கட்டடத்தில் அதே மாதங்களில் பீட்டில்ஸ் 'சார்ஜண்ட் பெப்பர்' பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பைப்பரின் தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித், பீட்டில்ஸின் முன்னாள் ஒலிப்பதிவாளர். பத்து நிமிட அலைச்சலை வெட்டிச் சீரான மூன்று நிமிடப் பாட்டுகளை வாங்கியவர் அவர்தான் என்று அவர்மேல் கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு இப்போது அந்தக் கோபம் இல்லை. அந்தக் கட்டுக்குள்தான் பாரெட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன.

இரண்டாவது தொகுப்பு 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' 1968 ஜூனில் வந்தது. இதில் பாரெட்டின் பாட்டு ஒன்றே ஒன்று. கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மோர் அவர் இடத்துக்கு வந்தாயிற்று. குழுவின் மேலாளர்கள் இருவரும், பாரெட் இல்லாமல் இவர்களுக்கு எதிர்காலம் இல்லை என்று கணக்குப் போட்டு, பாரெட்டோடு போய்விட்டார்கள். அன்றைய நிலையில் தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது. பாட்டு எழுதுகிறவர் போய்விட்டார், மிச்சம் இருந்தவர்களில் யாருக்கும் பாட்டு எழுத வரவில்லை. 'கார்ப்பொரல் கிளெக்' போன்ற முயற்சிகளைக் கேட்டால் இது புரியும். பாரெட் மாதிரி எழுதப் பார்க்கிறார்கள், முடியவில்லை.

அப்போது அவர்கள் செய்ததுதான் இந்த ஐந்து வருடக் கதையின் திருப்பம். பாட்டு எழுத வராதவர்கள் படம் வரைந்தார்கள். தொகுப்பின் தலைப்பு உருப்படி பன்னிரண்டு நிமிடம். அதை வாட்டர்ஸும் மேசனும், கட்டடக்கலை மாணவர்கள் வரைபடம் போடுவதுபோல, மேடும் பள்ளமுமாக ஒரு தாளில் வரைந்துகொண்டார்கள் என்று மேசன் தன் நூலில் எழுதியிருக்கிறார். எங்கே இறுக்கம் ஏற வேண்டும், எங்கே உடைய வேண்டும், எங்கே அமைதி வர வேண்டும். முதலில் மெல்ல ஏறும் உறுமல். பிறகு மேசனின் மேளம் நாடாவில் சுற்றிச் சுற்றி வர, அதன்மேல் பியானோவை அடித்து நொறுக்குவதுபோன்ற சத்தம். கடைசியில் ரைட்டின் ஆர்கனும் சொற்களில்லாத குரல்களும். அந்தக் கடைசி நான்கு நிமிடங்களை முப்பத்தைந்து வருடம் கழித்துக் கேட்டபோது நான் கணினியை மூடிவிட்டு எழுந்து நின்றுகொண்டேன். ஒரு மெட்டுகூட அதில் சொந்தமாக இல்லை என்று சொல்லிவிடலாம். இருந்தாலும் முந்தைய எட்டு நிமிடக் கலவரத்தைக் கடந்து வந்தவருக்கு அது தரும் ஆறுதலை எந்த மெட்டாலும் தந்திருக்க முடியாது. எது முன்னால் வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்பதே இசையாகிவிட்டது.

டார்க் சைட் என்ற கட்டடத்தின் அடித்தளம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அதை இவர்கள் கண்டுபிடித்தது திறமையால் அல்ல, இல்லாமையால்.

அதே தொகுப்பில் 'செட் தி கண்ட்ரோல்ஸ் ஃபார் தி ஹார்ட் ஆஃப் தி சன்' வாட்டர்ஸின் ஆரம்பப் பாட்டுகளில் ஒன்று. அதன் சொற்களில் பல, தாங் காலத்துச் சீனக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. பாட்டு எழுதத் தெரியாதவர் நல்ல புத்தகத்தை எடுத்துக்கொண்டார். நல்ல வழிதான்.

அடுத்த இரண்டு வருடங்களைப் பற்றி எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. 1969இல் பார்பே ஷ்ரோடரின் 'மோர்' படத்துக்காகச் சில நாட்களில் செய்து முடித்த இசைத்தட்டில் இரண்டு மூன்று அழகான சின்னப் பாட்டுகள் உண்டு. அதே வருடத்து 'அம்மாகம்மா' இரட்டைத்தட்டு. மேடைப் பதிவாக வந்த தட்டு அபாரம். மற்றதில் நான்கு பேரும் ஆளுக்கொரு பங்கு பிரித்துக்கொண்டு தனித்தனியாக ஏதோ செய்திருக்கிறார்கள். சொத்துப் பிரித்த வீடு மாதிரி இருக்கிறது. வாட்டர்ஸின் 'கிராண்ட்செஸ்டர் மெடோஸ்' மட்டும் விதிவிலக்கு. கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே ஆற்றோரப் புல்வெளி அது. வானம்பாடியின் குரல் திரும்பத் திரும்ப ஒலிக்க, ஒரு கிதாரை வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடுகிறார். கடைசியில் ஓர் ஈ பறக்கிறது, யாரோ படியிறங்கி வந்து அதை அடிக்கிறார்கள்.

1970இன் 'ஆட்டம் ஹார்ட் மதர்' உறையில் பசுமாடு நிற்பது. இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போன அவர்களுடைய முதல் தொகுப்பு. பின்னாளில் அவர்களே அதைக் கேலியாகப் பேசினார்கள். தலைப்பு உருப்படி இருபத்து மூன்று நிமிடத்துக்கும் மேல், பித்தளை வாத்தியங்களோடும் சேர்ந்திசைக் குழுவோடும். அபே ரோடில் அப்போதுதான் புதிய எட்டுத்தட ஒலிப்பதிவுக் கருவி வந்திருந்தது. அதன் அகலமான நாடாவை வெட்டி ஒட்டக்கூடாது என்று உத்தரவு. அதனால் மேசனும் வாட்டர்ஸும் மேளத்தையும் பேஸ் கிதாரையும் முழு நீளத்துக்கும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டியிருந்தது. காலப்பிரமாணம் இழுத்தும் ஓடியும் போயிற்று. பிறகு அதன்மேல் வாசிக்க வந்த வாத்தியக்காரர்கள் பட்ட பாடு கேட்பவருக்கே தெரிகிறது. இசை எழுதிக்கொடுத்த ரான் கீசின் நடத்த முடியாமல் விலக, சேர்ந்திசை இயக்குநர் ஜான் ஆல்டிஸ் வந்து கரைசேர்த்தார். நான் இதைத் தோல்வி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு முழுப் பக்கத்தைத் தாங்கிப் பிடிக்க எத்தனை தூண் வேண்டும் என்பதை இதில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

மறு வருடம், 1971இல், 'மெடில்'. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர்கள் போனபோது கையில் எதுவும் இல்லை. துண்டு துண்டாக எதையாவது பதிவு செய்து, 'நத்திங்' என்று பெயரிட்டு எண் கொடுத்தார்கள். அப்படி இருபத்து நான்கு 'ஒன்றுமில்லை'கள். அவற்றில் ஒன்று, ரைட் பியானோவில் தட்டிய ஒரேயொரு ஸ்வரம். சுழலும் ஒலிபெருக்கி வழியாக வந்ததில் அது கடலடியில் விழுந்த துளிபோல மாறியிருந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 'எக்கோஸ்', இருபத்து மூன்றரை நிமிடம், தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க. நடுவே எல்லாம் அடங்கிக் காற்றும் பறவைகளின் கூக்குரலும் மட்டும் கேட்கிற பகுதியில், கில்மோர் கால்மிதிக் கருவி ஒன்றின் கம்பிகளைத் தலைகீழாகச் செருகிக் கிதாரை அலறவைக்கிறார். அந்த இருட்டின் கடைசியில் ரைட்டின் அதே துளி மறுபடி விழுகிறது. 1968இன் வரைபடமேதான், ஆனால் இந்தமுறை கட்டடம் எழும்பிவிட்டது. எதிரொலிக் கருவி இங்கேயும் இருக்கிறது. முதல் பக்கத்தின் 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' பின்சனுக்குள் துள்ளும் பேஸ் கிதாரை வைத்தே ஓடுகிறது. 1972இல் வந்த 'அப்ஸ்க்யூர்ட் பை கிளவுட்ஸ்' இன்னொரு ஷ்ரோடர் படத்துக்கான இனிய அவசர வேலை. அதற்கடுத்தது டார்க் சைட், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது தொகுப்பின் கடைசிப் பாட்டை வேண்டுமென்றேதான் தள்ளிவைத்தேன். 'ஜக்பேண்ட் ப்ளூஸ்'. பாரெட் பிங்க் ஃப்ளாய்டில் விட்டுச்சென்ற கடைசிப் பாட்டு, 1967 அக்டோபரில் பதிவானது. தான் இங்கே இருக்கிறேனா இல்லையா என்ற சந்தேகம் உள்ள ஒருவர் கூட இருப்பவர்களிடம் மிகவும் மரியாதையாகப் பேசுகிற தொனி. இதை ஒரு நோயாளியின் வாக்குமூலமாகவே நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம், அறைத்தோழன் போன பிறகு இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பேய்ப்படம் பார்க்கிற சுவாரசியத்தோடு.

இப்போது கேட்டால் வேறொன்று கேட்கிறது. மூன்று பகுதிகள், மூன்றுக்கும் வேறு வேறு நடை. நடுப்பகுதிக்கு சால்வேஷன் ஆர்மி பித்தளை வாத்தியக்காரர்களை வரவழைத்து, தோன்றியதை வாசியுங்கள் என்று பாரெட் சொல்லியிருக்கிறார். அவர்களுடைய இரைச்சல் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நிற்கிறது. பிறகு ஒரு கிதார், ஒரு குரல், முடிந்தது. இரைச்சலையும் நிசப்தத்தையும் எங்கே வைக்க வேண்டும் என்று இதை அமைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. மற்ற மூவரும் தாளில் வரைந்து கற்றுக்கொண்டதை இவர் மூன்றே நிமிடத்தில் செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு உடம்பு சரியில்லை என்பதும் உண்மை, பாட்டு தெளிவாக இருக்கிறது என்பதும் உண்மை. முதல் உண்மையைக் கதையாக்கிக்கொண்டே இருந்ததில் இரண்டாவதைக் கேட்கவே இல்லை.

பாரெட் 1970இல் இரண்டு தனித்தொகுப்புகள் வெளியிட்டார், பழைய நண்பர்கள் உதவினார்கள். 1975இல், அவரை நினைத்து எழுதிய நீண்ட பாட்டு ஒன்றைக் குழு அபே ரோடில் செய்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்தார். யாரென்று அவர்களுக்கு முதலில் தெரியவில்லை. பிறகு அவர் கேம்பிரிட்ஜிலேயே ரோஜர் என்ற இயற்பெயரோடு தோட்டவேலையும் ஓவியமுமாக இருந்தார். ரசிகர்களும் பத்திரிகைக்காரர்களும் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 2006 ஜூலையில், அறுபது வயதில், இறந்தார்.

என் அறைத்தோழன் ஊரில் இருக்கிறான். அண்ணனுடைய கடையில் கணக்கு பார்க்கிறான் என்று சில வருடங்களுக்கு முன் கேள்விப்பட்டேன். எண் வாங்கி வைத்திருந்தேன், இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய பிறகுதான் பேசினேன். பத்து நிமிடம் பேசியிருப்போம். பாதி நேரம் வெயிலைப் பற்றி. அந்த ஒலிநாடாவைப் பற்றி நான்தான் கேட்டேன். 'உங்க ரூம்லயேதானேடா விட்டுட்டு வந்தேன்' என்றான். 'சிட்' என்று அவனுக்குப் பெயர் வைத்ததை நான் சொல்லவில்லை.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று. பைப்பரை முடிந்தால் மோனோ வடிவத்தில் கேளுங்கள். அன்றைய வழக்கப்படி அதற்குத்தான் நேரம் செலவழித்துக் கலவை செய்தார்கள், நாற்பதாவது ஆண்டுப் பதிப்பில் (2007) அது கிடைக்கிறது. அமெரிக்கப் பதிப்பு வேண்டாம், அதில் 'பைக்' உட்பட மூன்று பாட்டுகளை எடுத்துவிட்டார்கள். பாரெட் காலத்தில் வெளிவராமல் போன சில பதிவுகள் 2016இல் வந்த 'தி எர்லி இயர்ஸ்' பெட்டித் தொகுப்பில் இருக்கின்றன. நிக் மேசன் 2018 முதல் 'சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' என்று பெயரிட்ட குழுவோடு டார்க் சைடுக்கு முந்தைய உருப்படிகளை மட்டும் மேடையில் வாசித்து வந்திருக்கிறார், பதிவும் உண்டு. 'பைக்' பாட்டின் கடைசியில் கடிகாரச் சத்தங்களும், வாத்துகள் கத்துவதுபோல ஒரு சத்தமும் வரும். நாடாவில் ஏதோ கோளாறு என்று நாங்கள் எப்போதும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவோம். கோளாறு இல்லை, அதுவும் பாட்டுதான்.